வீணைக்கு வேர்த்த கதை

மரத்தின் வயதைச் சொல்ல இப்போது இயந்திரம் வந்துவிட்டதாம். நகக்கண் அளவு சீவல் கொடுத்தால் போதும், அந்த மரம் எந்தக் காலத்தில் வெட்டப்பட்டது என்று தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுமாம். போன மாதம் ஓர் ஆராய்ச்சிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். குரலில் அப்படி ஒரு பக்தி. "அம்மா, நீங்க அந்தக் காலத்துல பழைய வாத்தியமெல்லாம் பார்த்துச் சொல்ற வேலையில இருந்தீங்களாமே. உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. அப்படியே உங்க பக்கத்துல எந்தெந்த வீட்ல பழைய வீணை இருக்குன்னும் சொன்னீங்கன்னா, நாங்க நேர்ல போய்ச் சோதிச்சுப் பார்த்துடுவோம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் காலத்தில் அந்த இயந்திரம் இருந்திருந்தாலும் யாரும் அதன் பக்கத்தில் போயிருக்க மாட்டார்கள். வாத்தியத்துக்கு என்ன வயசு என்று கேட்டு வந்தவர்களில் ஒருவர்கூடத் தெரிந்துகொள்ள வந்ததில்லை. எல்லோரும் வீட்டிலேயே வயதை முடிவு செய்துகொண்டு, அதற்கு ஆமாம் போட ஆள் தேடித்தான் வந்தார்கள். கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிட்டுப் பொருத்தம் பார்க்க ஜோசியரிடம் போகிற கூட்டம் அது.

ஆனாலும் கேட்டுவிட்டார். அவர் கேட்ட இரண்டில் முதலாவதை எழுதுகிறேன். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் திருநின்றவூர்க்காரி. சின்ன வயதிலேயே வீணை கற்றேன். கற்ற விதத்தை விஸ்தாரமாக எழுதப் போவதில்லை. விரல் நுனி வெட்டுப்பட்டுக் காய்த்துப் போன கதை எல்லா வீணைக்காரிகளுக்கும் ஒன்றுதான். மேடை ஏறுகிற அளவுக்கு ஞானம் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற அளவுக்கு வசதியும் இல்லை. அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், கல்கத்தா போகும் சாலையோரம் இருந்த ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. பழைய தூண், பழைய கதவு, பழைய விளக்கு, பழைய வாத்தியம் எல்லாம் வாங்கி, வெளிநாட்டுக்காரர்களுக்கும் புதுப் பணக்காரர்களுக்கும் விற்கிற கிடங்கு. தந்தி கட்டிய எந்த வாத்தியம் உள்ளே வந்தாலும் அதை மீட்டிப் பார்த்து, திறந்து பார்த்து, இன்ன மாதிரி என்று சொல்வது என் வேலை. பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, கூட்டத்தில் இடிபட்டு, தினமும் போய் வந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் சேஷய்யா. சூலூர்பேட்டைப் பக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு கலக்கும். பழம்பொருள் பார்ப்பதில் மன்னன் என்று பட்டணம் வரை பேர். அவர் ஒரு வீணையைப் பார்க்கிற அழகைச் சொல்ல வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார். கை கழுவுவார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். பிறகு வீணையைப் பார்ப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அதைக் கொண்டுவந்தவருடைய செருப்பைப் பார்ப்பார். வீணையின் வயது அங்கேதான் அவருக்குப் பாதி தெரிந்துவிடும். அதற்கப்புறம் கண்ணை மூடிக் குடத்தின் மேல் மூக்கை வைத்து முகர்ந்து ஒரு பெருமூச்சு விடுவார். வாங்க வந்தவர் என்றால் நீளப் பெருமூச்சு. விற்க வந்தவர் என்றால் குட்டைப் பெருமூச்சு. நீளத்துக்குப் பின்னால் "இருக்கலாம்" என்ற சொல் வரும். குட்டைக்குப் பின்னால் "பாவம்" என்று வரும். அத்தனை வருடத்தில் "நிஜம்" என்றோ "போலி" என்றோ அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

நான் சேர்ந்த புதிதில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பிடில் ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே இத்தாலிக்காரர் ஒருவரின் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. அந்த மகான் கையால் செய்த பிடில் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியது, அதில் ஒன்று தன் வீட்டுப் பரணில் கிடைத்தது என்றார். அந்தச் சீட்டு ஒட்டிய பிடில்கள் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வடைபோல் சுட்டுத் தள்ளப்பட்டவை என்று எனக்குத் தெரியும். சொன்னேன். தாசில்தார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்று சேஷய்யாவைப் பார்த்தார். சேஷய்யா முகர்ந்தார். நீளமாக மூச்சு விட்டார். "இருக்கலாம் நைனா" என்றார். தாசில்தார் கண்ணில் தண்ணீர். போனபிறகு சேஷய்யா என்னிடம் சொன்னார்:

"அம்மாயி, அந்த மனுஷன் இன்னா கேக்க வந்தான்? பிடிலப் பத்தியா கேட்டான்? அவன் வம்சத்தப் பத்தி கேட்டான். அத நீ எதுக்கு ஒடைக்கிற?"

அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கும் அந்த எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை என்பதை ஒவ்வொரு வாடிக்கையாளரும் வந்து நிரூபித்துக்கொண்டே இருந்தார்கள்.

வீணையைப் பார்க்கிற முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். வீணையில் பாதிச் சாமான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. தந்தி மாறும். சுரைக்குடுக்கை உடையும், வேறு வரும். விரல் வைக்கிற பித்தளை மெட்டுகளைக் கறுப்பு மெழுகில் பதித்திருப்பார்கள். அந்த மெழுகு வெயிலிலும் வாசிப்பிலும் தளர்ந்துவிடும், சில வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். ஆகவே மெழுகை முகர்ந்து வயது சொல்கிறவன், ஒருவன் சட்டையைப் பார்த்து அவன் பிறந்த வருடம் சொல்கிறவன். பார்க்க வேண்டியது மரம். தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையைத் தூக்கிவிட்டு, பலகையில் இருக்கும் துளை வழியாக விளக்கடித்து, பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பேன். உருண்டையான குடத்தையும் மெட்டுகள் இருக்கும் நீளத் தண்டியையும் தனித்தனியாகச் செய்து ஒட்டியிருந்தால் அங்கே ஒரு கோடு தெரியும். ஒரே பலா மரத்தில் முழுதாகக் குடைந்தது ஏகாண்ட வீணை. அதில் உளி போன தடம் குடத்திலிருந்து தண்டி வரைக்கும் அறுபடாமல் ஓடும். பிறகு தேய்மானம். இடதுகைக் கட்டைவிரல் ஓடும் இடம், தொடையில் படும் இடம், சுண்டுவிரல் தாளம் போடும் இடம். வாசித்த வீணை கை போகிற இடத்தில் தேயும். செய்து வைத்த பழசு கண் போகிற இடத்தில் தேய்ந்திருக்கும்.

செய்து வைத்த பழசு என்றேனே, அது எங்கள் கிடங்கின் பின்பக்கத்துக் கொட்டகையில் பிறந்தது. அங்கே முனிரத்தினம் இருந்தார். பழவேற்காட்டில் தோணி கட்டிக்கொண்டிருந்த தச்சர். கை சுத்தம், மனசும் சுத்தம். என்ன செய்யச் சொன்னாலும் அப்படியே செய்வார், ஏன் என்று கேட்க மாட்டார். கடுக்காய் நீரில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டு மரத்துக்குக் கறுப்பு ஏற்றுவார். விளக்கெண்ணெய் தடவிப் புகை போடுவார். தந்தப் பட்டையை மஞ்சளாக்க டீத்தூள். இதெல்லாம் ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிற வித்தைதான். அவருக்கென்று தனியாக ஒன்று இருந்தது.

"தோணிப் பலகைக்குச் செய்றதுதாம்மா இது. மரத்த கழிச் சேத்துல பொதச்சி வெச்சிடணும். பூச்சி கிட்ட வராது. ஒரு மழ, ஒரு வெயிலு பாத்துட்டு எடுத்தா கெழவன் மாரி ஆயிடும் மரம்" என்றார் ஒருநாள்.

"முனிரத்தினம், தோணி தண்ணியிலயே கிடக்கப்போறது. வீணை நடுக்கூடத்துல இல்ல உட்காரப்போறது?"

"மரம் மரம்தானம்மா."

சேஷய்யாவுக்கு அந்த நிறம் ரொம்பப் பிடித்துவிட்டது. பழவேற்காட்டுக் கழியில் கிடந்து எழுந்த பலா மரத்தில் ஒரு வீணை செய்தார்கள். மதிப்பாக இருந்தது, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். தட்டினால் பூசணிக்காய்ச் சத்தம். அதை வாங்கியவர் தனகோட்டி.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபோது இரும்புக்கம்பி உருட்டும் மில் வைத்தவர் தனகோட்டி. பழைய இரும்பு வியாபாரத்தில் மேலே வந்த மனிதர். ஒரு லாரி பழைய இரும்பை எட்ட நின்று பார்த்தே அதில் எத்தனை கழிவு என்று சொல்லிவிடுவார். இரும்பில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தத் தைரியத்தில் மரத்துக்கு வந்தார். சேஷய்யா நீளமாக மூச்சு விட்டு, "சமஸ்தானத்து வீணை... இருக்கலாம்" என்றதும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புது வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. ஒரு காலையில் தனகோட்டியின் ஜீப் கிடங்கு வாசலில் வந்து நின்றது. மனிதர் குதித்து இறங்கினார்.

"சேஷய்யா! வீணைக்கு வேர்க்குதுய்யா! தொடைக்கத் தொடைக்க முத்து முத்தா வந்துகினு கீது. ஊட்ல அம்மா கற்பூரம் கொளுத்திட்டாங்க. நீ வந்து பாரு!"

போனோம். வேர்க்கத்தான் செய்தது. குடத்தின் மேல் சின்னச் சின்னத் துளிகள். கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஷிப்டு முடிந்த தொழிலாளிகள் வாசலில் வரிசை. தனகோட்டியின் சம்சாரம் பஞ்சில் துளியை ஒற்றி ஒவ்வொருவர் கண்ணிலும் வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பக்தி என்றார்கள். நான் ஒரு துளியை விரலில் எடுத்து யாரும் பார்க்காதபோது நாக்கில் வைத்தேன். உப்பு. பழவேற்காட்டு உப்பங்கழியின் அசல் உப்பு. ஊறிய உப்பு மழைக்காலத்து ஈரத்தை இழுக்கிறது, மரம் கசிகிறது. ஊறுகாய் ஜாடியின் மூடி கசிகிறதற்கு யாரும் கற்பூரம் கொளுத்துவதில்லை.

சேஷய்யாவுக்கும் தெரியும். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். "வாணி கண்ணு தொறந்துட்டா நைனா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஊர் விடாது. பக்கத்து மில்காரர் எவரோ, "வேர்க்கிறது சரி, பழசுன்னு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டார். தனகோட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டணத்திலிருந்து ஒரு பெரிய வாத்திய அறிஞரை வரவழைப்பது, கார்த்திகையில் விழா, அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எல்லோர் முன்னாலும் வயதைச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. சேஷய்யாவின் முகம் அந்த வாரம் முழுக்க நன்றாக இல்லை.

அந்த வாரத்தில்தான் கனகவல்லி வந்தாள். திருவாலங்காட்டில் பெண்பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறவள். என்னோடு ஒரே ஆசிரியரிடம் கற்றவள். என்னைவிட இளையவள், என்னைவிட நன்றாக வாசிக்கிறவள். அவளுடைய வீணைக்கு மேளம் இறங்கிப்போய்விட்டது. "முனிரத்தினம் மெழுகு பதிப்பார், நான் சுருதி பார்த்துக் கட்டிக்கொடுக்கிறேன், கொண்டுவா" என்று நான்தான் சொல்லியிருந்தேன். பழைய சேலையில் சுற்றி, குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டுவந்தாள்.

சேலையைப் பிரித்தபோது தனகோட்டியும் அங்கே இருந்தார், விழா விஷயமாகப் பேச வந்திருந்தார். சேஷய்யா வந்து குனிந்து முகர்ந்தார். நான் பெருமூச்சுக்குக் காத்திருந்தேன், குட்டையா நீளமா என்று. வரவில்லை. அவர் மூச்சே விடவில்லை. அத்தனை வருடத்தில் அப்படி நான் பார்த்ததே இல்லை. 

பிறகு நிமிர்ந்து, "பாவம்" என்றார். "ஒட்டு வீணைம்மா இது. உள்ள பூச்சி. எரிக்கத்தான் ஆவும். இத இங்கயே வுட்டுட்டு, புதுசா பளபளன்னு ஒண்ணு எடுத்துக்கினு போ. டப்பு ஒண்ணும் வேணாம்."

"இன்னா சேஷய்யா, அவ்ளோ குப்பையா?" என்றார் தனகோட்டி.

"குப்பை நைனா. நூத்துல ஒரு வார்த்த. சுத்தமா குப்பை."

கனகவல்லி என் முகத்தைப் பார்த்தாள். "எங்க அத்தை வாசிச்சதுக்கா இது. அவங்களுக்கு அவங்க மாமியார் குடுத்தது. ஒரே மரம்னு அத்தை சொல்லிக்கினே இருப்பாங்க" என்றாள். குரல் உடைந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்குப் பழையதைக் கொடுத்துப் புதியது கிடைக்கிறதென்றால் கசக்காது என்பது எனக்குத் தெரியும். வீணையை வைத்துவிட்டு, அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனாள்.

அவள் போனதும் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். உளித்தடம் குடத்திலிருந்து தண்டி வரைக்கும் அறுபடாமல் ஓடியது. பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. கட்டைவிரல் ஓடும் இடத்தில் மரம் வழவழவென்று குழிந்திருந்தது. ஒருத்தி விரலில் அத்தனை ஆழம் வராது, இரண்டு மூன்று தலைமுறை வேண்டும். தண்டியின் நுனியில் செதுக்கியிருந்த யாளி முகத்தில் ஒரு காது உடைந்திருந்தது. எத்தனை வருடம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அது நிஜம். நான் அந்தக் கிடங்கில் பார்த்த ஒரே நிஜம்.

சேஷய்யா தனகோட்டியை வழியனுப்பி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாளிய அறுத்து எடுத்துடலாம். மேல் பலகையையும். ரெண்டையும் வேர்க்கிற வீணைல ஏத்திட்டா, அந்த அறிஞன் எங்க கண்ணாடி வெச்சாலும் பழசுதான் தெரியும். மிச்ச மரம் இன்னும் நாலு வீணைக்கு ஆவும். நீ அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, குப்பைன்னு. நீ சொன்னா நம்புவா."

ஒரு நிஜத்தை வெட்டி ஐந்து பொய்க்கு உயிர் கொடுப்பது. இதைத்தான் அந்தத் தொழிலில் கைத்திறன் என்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரம்பத்தையே எடுத்திருப்பேன். ஆனால் கத்தினால் வேலை போகும், வீணையும் போகும். கொஞ்சம் யோசித்து, "விழாவில் வாசிக்கச் சொல்வார்களே, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் அதை யோசிக்கவில்லை. வேர்க்கிற வீணையில் மெழுகு நிற்காது. தந்தியை அழுத்தினால் மெட்டு வழுக்கிக்கொண்டு போகும். முனிரத்தினம் அந்த வாரமே இரண்டு முறை பதித்து இரண்டு முறையும் தோற்றிருந்தார்.

"வேர்க்கிற வீணை தெய்வம், அதை மனிதக் கை தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் கனகவல்லியை உட்காரவைத்து இதில் வாசிக்கச் சொல்லுவோம். நல்ல நாதம் வேறு எதில் இருக்கிறது உங்களிடம்? அறுப்பதை விழா முடிந்து அறுங்கள்" என்றேன்.

"அறிஞன் கண்டுபிடிச்சிட்டான்னா?"

"அவர் வேர்வையைப் பார்ப்பார். யாளியை எங்கே பார்க்கப் போகிறார்?"

அவர் யாளியின் உடைந்த காதைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி. விழா முடிஞ்ச மறுநாள் ரம்பம்" என்றார். எனக்கு அவகாசம் கிடைத்ததே தவிர அடுத்து என்ன என்று தெரியாது. முனிரத்தினமும் நானும் உட்கார்ந்து அந்த வீணைக்குப் புது மெழுகில் மேளம் கட்டினோம். கட்டும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெழுகைத் தேய்த்துக்கொண்டே, "பேஜாரு புடிச்ச பொழப்புமா இது" என்றார்.

விழாவன்று நல்ல மழை. கூடத்தில் உப்பு வீணை மாலை போட்டுக்கொண்டு பளபளவென்று வேர்த்துக்கொண்டிருந்தது. அறிஞர் வந்தார். சரிகைத் துண்டு, பூதக்கண்ணாடி, பின்னால் பெட்டி தூக்க ஓர் ஆள். வீணையைச் சுற்றி வந்தார். நான் நினைத்தபடியே கண்ணாடியை ஒரு வேர்வைத் துளியின் மேல் வைத்து அசையாமல் பார்த்தார். துளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் வந்தது. அவ்வளவுதான் சோதனை. எழுந்து நின்று, "இது மனித வயதுக்கு அடங்கிய மரமல்ல" என்று ஆரம்பித்து ராஜராஜன் காலம் வரை போய்விட்டார். வீணையில் இப்படி மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் வழக்கம் அதற்கு எத்தனையோ காலத்துக்குப் பின்னால் வந்தது. அதை அவரிடம் யார் சொல்வது? கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. சேஷய்யா கண்ணை மூடிக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே மிக நீளமான பெருமூச்சை விட்டார்.

பிறகு கனகவல்லி வாசித்தாள். குப்பை என்று பேர் வாங்கிய வீணையில், புருஷன் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டதால் அதுதான் கடைசி முறை என்று நினைத்துக்கொண்டு வாசித்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. மழைச் சத்தம் கேட்கவில்லை. மில் இரைச்சலில் காது மந்தமான தொழிலாளிகள்கூட வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். 

முடிந்ததும் தனகோட்டி எழுந்தார். 

"இன்னாய்யா இது, இந்த வீணை இப்டிப் பேசுது! இதுவும் பழசா? ஐயா, இதையும் கொஞ்சம் கண்ணாடி வெச்சுப் பாத்துச் சொல்லுங்க. பழசுன்னா ரெண்டையும் ஜோடியா நம்ம ஹால்லயே வெச்சிடலாம். அந்தம்மா இன்னா கேட்டாலும் குடுத்துடலாம்."

கனகவல்லியின் புருஷன் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிஞர் கண்ணாடியோடு கீழே இறங்கி வந்தார். அவர் பழசு என்றால் வீணை தனகோட்டி கூடத்தில் பொம்மையாகும். சும்மா விட்டால் நாளைக்கு ரம்பம். அறிஞர் குனிந்து என்னைப் பார்த்து, "நீங்கள்தானே வாத்தியம் பார்க்கிறவர்? என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"புதுசுங்க" என்றேன். "எங்க கொட்டகையில செஞ்சது."

 கனகவல்லி என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "அக்கா, எங்க அத்தை..." என்று வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து வலிக்க வலிக்க அழுத்தினேன்.

"யார் செய்தது?" என்றார் அறிஞர்.

மூலையிலிருந்து முனிரத்தினம் எழுந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "நான்தாங்க செஞ்சேன்" என்றார். "காது ஒடஞ்சிது பாருங்க, அது என் கை தவறி."

அறிஞர் மூக்கை வைத்து முகர்ந்தார். முந்தின வாரம் நாங்கள் பதித்த மெழுகு குங்கிலிய வாசனையோடு கமகமவென்று இருந்தது. "தெரிகிறதே! புது மெழுகு. நான் பார்த்தவுடனே நினைத்தேன். நல்ல நகல்" என்றார். தனகோட்டி சேஷய்யா பக்கம் திரும்பினார். சேஷய்யாவின் வாய் திறந்தது. அதே தனகோட்டி முன்னால் சுத்தமான குப்பை என்று சொன்ன வாய் அது. இப்போது நிஜம் என்றால், எதைப் பார்த்து எதைச் சொல்கிற ஆள் என்று அந்த இரும்பு மனிதர் கேட்பார். அடுத்த கேள்வி வேர்க்கிற வீணையைப் பற்றி வரும். வாய் மூடிக்கொண்டது.

"புதுசா? அப்ப வேணாம்" என்றார் தனகோட்டி. "எல்லாரும் சாப்ட்டுப் போங்க."

மறுநாள் ரம்பம் எழவில்லை. ஒரு காது உடைந்த அந்த யாளி முகத்தைக் கும்மிடிப்பூண்டியே பார்த்துவிட்டது. அது புதுசு என்று அறிஞரே சொல்லிவிட்டார். இனி அதை எந்தப் பொய்யில் ஒட்டினாலும் அந்தப் பொய்தான் கெடும். சேஷய்யா என்னிடம், "எடுத்துக்கினு போகச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்க வந்தவர்களுக்கு விடுகிற அந்த நீளப் பெருமூச்சை என்னைப் பார்த்து விட்டார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அது.

உப்பு வீணையின் கதையையும் முடித்துவிடுகிறேன். சித்திரை வெயிலில் அது காய்ந்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. விபூதி என்றார்கள். வரிசை இன்னும் நீண்டது.

வீணையைக் கொண்டுபோக கனகவல்லி தனியாக வந்தாள். பேசின் பிரிட்ஜ் வரை ஒரே பெட்டியில் போனோம், என் முகத்தையே பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே இறங்கி, அரக்கோணம் வண்டிக்காக நிற்கும்போது சொன்னேன். "உங்க அத்தை சொன்னது நிஜம். ஒரே மரம். நான் உள்ளே பார்த்தேன்."

அவள் திரும்பினாள். "ஊரே கேக்கறப்போ பொய்னு சொன்னியே அக்கா. எங்க வம்சத்தையே அறுத்த மாதிரி இருந்துச்சு."

"அப்படிச் சொன்னதாலதான் அது உன் மடியில இருக்கு."

அவள் அழுதாள். அப்புறம் சிரித்தாள். பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "அப்ப இனிமே யார் கேட்டாலும் புதுசுன்னேதான் சொல்லணுமா?"

"அதுதான் நல்லது."

ஆராய்ச்சிக்காரரே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைப் படித்ததும் நீங்கள் திருவாலங்காட்டுக்கு ரயில் ஏறுவீர்கள். தாராளமாக ஏறுங்கள், கோயில் நன்றாக இருக்கும். ஆனால் நான் சொல்கிற கனகவல்லி அந்த ஊரில் இல்லை. அவள் பெயர் கனகவல்லியும் இல்லை. ஊரையும் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யாளிக்கு உடைந்தது காதும் இல்லை. இத்தனை வருடம் அந்தக் கிடங்கில் இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

வீணை இருக்கிறது. நகக்கண் அளவு சீவல்கூட யாரும் எடுக்காமல் முழுசாக இருக்கிறது. நவராத்திரிக்கு நவராத்திரி போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். வந்தவர்களில் யாராவது அதைத் தடவிப் பார்த்து, ரொம்பப் பழசோ என்று கேட்டால், அந்த வீட்டில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்.

"இல்லீங்க, புதுசு. கும்மிடிப்பூண்டியில செஞ்சது."